சூசைராஜ் வைத்த நோன்பு

அறுபத்தேழாம் வருஷம், கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாலு வார ஆகமனகாலமும் ரம்ஜான் நோன்பும் ஒன்றாகப் பிறந்தன. பிறந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதனால் என் வீட்டுக்காரர் சூசைராஜுக்குப் பிடித்த பைத்தியம் இருக்கிறதே, அதைக் கடலோரக் கட்டுமாவடிக் கடைத்தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பைத்தியம் பிடிக்காமல் போயிருந்தால் என் பிறந்த வீட்டு வாசல் எனக்கு அடைத்தது அடைத்தபடியே கிடந்திருக்கும்.

அது அடைபட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் பிச்சைமுத்து ஒருவர்தான். புதுக்கோட்டையையும் தாண்டி, இலுப்பூர்ப் பக்கம், மழையை நம்பிக் கடலை போடுகிற சம்சாரி. எவ்வளவு கஷ்டமானாலும் பிறப்புத் திருநாளுக்கு முந்தின நாள் மூன்று பஸ் மாறி, தலையில் ஒரு கடகப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார். அவர் முகத்தைப் பார்த்தால்தான் எனக்குத் திருநாள்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை என் வீட்டுக்காரர். முதல் பந்தியில் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியவர். சம்பந்தி வீட்டார் திமுதிமுவென்று வந்து இலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் என்ன செய்வார், இவர் தோளைத் தொட்டு, “மாப்பிள்ளை, நீங்க நம்ம ஆளு. அடுத்த பந்தியில நிதானமா ஒக்காருவோம்” என்றார். நம்ம ஆள் என்று சொன்னது அன்பு. இவர் காதில் அது அவமானமாக விழுந்தது. கை நனைக்காமல் எழுந்து, பந்தல் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, “இனிமே ஒங்க வீட்டுல பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பட்டுச்சேலை கட்டியிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனும் வரவில்லை, நாங்களும் போகவில்லை. நான் மட்டும் போனால் இவர் தடுக்கமாட்டார்தான். ஆனால் புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் தனியாகப் போகிறவளிடம் ஊர் என்னவெல்லாம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? இரண்டு திருநாளை நான் கறிக்குழம்பில் கண்ணீர் விட்டுச் சமைத்தேன். உப்புக் கூடிப்போச்சு என்று இவர் குறை சொன்னார்.

ஆகமனகாலத்து முதல் ஞாயிறு வந்தது. பூசை தமிழுக்கு வந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. அதுவரை சாமியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இப்போது முகத்தைப் பார்க்கிறோம். அவரும் எங்களைப் பார்க்கிறார், அதனால் பிரசங்கத்தில் தூங்க வசதியில்லை. ஊதா உடுப்போடு நின்ற அந்த இளம் சாமியார், திருநாளுக்கு முந்தின நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கும் ஒருசந்திகூட இனிக் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டு, வேறொன்றைச் சொன்னார்.

“திருநாளுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்க, சந்தோஷம். பொறக்கப்போற பாலன் சுவத்தையா பார்க்கப் போறாரு? யாரோட பேசாம இருக்கீங்களோ, அவங்ககிட்டப் போய்ப் பேசுங்க. அதுதான் நீங்க அவருக்கு விரிக்கிற பாய்.”

பெண்கள் பக்கத்திலிருந்து நான் இவரை எட்டிப் பார்த்தேன். கூரையிலிருந்த குருவிக்கூட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் தானாகவே பேச்சை எடுத்தார். “சாமியார் சொன்னது வாஸ்தவந்தான் செவந்தி. இந்த வருஷம் மனசை நல்லபடியாத் தயார் பண்ணணும்.”

நான் நின்று திரும்பினேன். “ஆமாங்க” என்றேன்.

“அதனால நானும் பரீதோட சேர்ந்து நோன்பு வைக்கப் போறேன்.”

ஷேக் பரீது எங்கள் பக்கத்துக் கடைக்காரர். எங்களுடையது வாடகை சைக்கிள் கடை, அவருடையது கருவாட்டுக் கடை. காற்றடிக்க வந்தவன் கருவாடு வாங்கிப் போவான், கருவாடு வாங்க வந்தவன் பஞ்சர் ஒட்டிப் போவான். கடைகளுக்குப் பின்னாலேயே எங்கள் இரண்டு வீடும், நடுவில் ஒரே சுவர். நான் அவரை அண்ணன் என்பேன், அதனால் இவருக்கு அவர் மச்சான். முந்தின நாள் பிறை பார்த்த கையோடு அவர் இவரைச் சீண்டியிருக்கிறார். “ஒங்களுக்கு என்ன மாப்ளே, கறி திங்கக்கூடாத நாள்ல மீன் திம்பீங்க. கட்டுமாவடியில மீன் திங்கிறது ஒரு தவமா?” என்று கேட்டாராம். அது இவருக்கு உறைத்துவிட்டது.

எனக்கு உறைத்தது வேறு. மனிதர் எதிலிருந்து தப்பிக்க எதற்குள் ஓடுகிறார் என்பது கூடவா தெரியாது? போய்ப் பேசு என்றார் சாமியார். இவர் பேசுவதற்குப் பதில் பட்டினி கிடக்கிறேன் என்கிறார்.

இவர் இரண்டு நாளில் கஞ்சிக்கு ஓடி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. விடியும் முன்பே பரீது அண்ணன் சுவரைத் தட்டுவார். இவர் எழுந்து சுடுசோறு கேட்பார். முதல் நாள் எச்சிலைக்கூட விழுங்காமல் கடை வாசலில் துப்பித் துப்பி, சைக்கிள் எடுக்க வந்தவர்களை விரட்டியடித்தார். பரீது அண்ணன் சிரித்துக்கொண்டே, “அதை முழுங்கலாம் மாப்ளே, அதுக்கெல்லாம் குத்தமில்லை” என்று சொல்லிக் காப்பாற்றினார். சைக்கிளைத் தாமதமாகக் கொண்டுவந்த ஒருவனை இவர் வழக்கம்போல ஏச வாயெடுத்தபோது, “நோன்பாளி ஏசக்கூடாது. ஏசினா பட்டினி கெடந்த பலன் போயிரும்” என்றார். இவர் அந்த வசவை அப்படியே விழுங்கினார். எச்சிலை விழுங்குவதைவிட அது கஷ்டமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பாங்கு சொன்னதும் பரீது அண்ணனின் மனைவி ரமீஜா அக்கா சுவருக்கு மேலே ஒரு தூக்குவாளியை நீட்டுவார். பூண்டும் வெந்தயமும் மணக்கும் நோன்புக் கஞ்சி. அவர் கைப்பக்குவத்துக்கு நான் கோயில் கட்டுவேன். நான் வைத்த குழம்பை ஒரு நாளும் புகழாதவர், அந்தக் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

கடைத்தெரு மெச்சிக்கொண்டது. வேதக்காரர் நோன்பு வைக்கிறார் என்று பார்க்கவே ஆட்கள் காற்றடிக்க வந்தார்கள். இவர் மெலிந்தாரே தவிர, தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் மெதுவாகக் கேட்டேன்.

“என்னங்க, திருநாளைக்கு எங்க அண்ணனுக்கு ஆள் விட்டுச் சொல்லவா?”

“நோன்பு நேரத்துல வம்பு பேசாதே” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் வஞ்சிரமீன் வாங்கி, மாங்காய் போட்டு, கடை வரைக்கும் மணக்க மணக்கக் குழம்பு வைத்தேன். கதவையும் திறந்து வைத்தேன். இவர் பஞ்சர் ஒட்டிய டியூபிலேயே இன்னொரு பஞ்சரைப் போட்டாரே ஒழிய, உள்ளே வரவில்லை. பக்கத்துக் கடையில் பாவம் பரீது அண்ணனும் அந்த மணத்தைச் சேர்த்து அனுபவிக்க வேண்டியதாயிற்று. அதற்கு மட்டும் நான் வருத்தப்பட்டேன்.

திருநாள் நெருங்கியது. பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வந்தார். இவர் வெள்ளை வேட்டி கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். இந்த வருஷம் சாமியாரிடம் சொல்லப் பாவத்தைவிடப் புண்ணியம்தான் அதிகம் இருக்கிறது என்ற நடை அது. மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. பாவமன்னிப்புப் பெற்றவர்கள் மண்டியிட்டுச் சொல்லும் அபராத செபத்தைச் சொல்லாமல் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அந்தச் சாமியாருக்கு என் ஆயுளில் பாதியைக் கொடுக்கலாம் போல இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் இவர் வீட்டுக்கு வரவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவரைப் பரீது அண்ணன் பள்ளிவாசலுக்குக் கஞ்சி குடிக்க அழைத்துப் போயிருந்தார். விளக்கேற்றி நேரமாகி, மழையில் நனைந்துகொண்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார்.

“இன்னைக்கு அங்கிட்டு என்னா கூட்டங்குற. ஜெகதாப்பட்டினத்து ஆளுக பத்துப் பதினஞ்சு பேர் மழைக்கு ஒதுங்கி வந்துட்டாங்க. வரிசையா ஒக்காந்து கஞ்சி ஊத்துறாங்க, சட்டி காலியாகுது. எனக்கு முன்னாடி கிண்ணம் வச்சாச்சு. ஒரு ஆள் நடுங்கிக்கிட்டு நிக்கிறாரு, எடமில்லை. நான் எந்திரிச்சு, இங்க ஒக்காருங்கன்னு அவரை ஒக்கார வச்சேன். அடுத்த சட்டி வர நேரமாகும்னாங்க. இருக்கட்டுமேன்னுட்டேன். அவங்க குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன் பாரு, அதுவே வயிறு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு செவந்தி. அப்புறம் நாங்க கொஞ்சப் பேர் ரெண்டாம் பந்தியில…”

அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

துண்டு தலைமேலேயே இருந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

என் நாக்கு நுனியில் இரண்டு வருஷத்துப் பேச்சு வந்து நின்றது. ஊர் பேர் தெரியாதவனுக்கு எழுந்து இடம் கொடுத்தீர்களே, கட்டினவளின் அண்ணன் வீட்டில் ஒரு பந்தி பொறுக்க முடியவில்லையா என்று கேட்காமலிருக்க நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா? கேட்டிருந்தால் நியாயம் என் பக்கம். இவர் வாயடைத்துப் போயிருப்பார். ஆனால் அடைத்த வாய் அப்புறம் திறக்காது என்றும் எனக்குத் தெரியும். அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, “சட்டையை மாத்துங்க, சளி பிடிச்சுக்கும்” என்று மட்டும் சொன்னேன். அந்த ஆகமனகாலத்தில் நான் இருந்த ஒரே ஒருசந்தி அதுதான்.

விடிகாலையில் பரீது அண்ணன் சுவரைத் தட்டியதும் எழுந்து சாப்பிட்டவர், மறுபடி படுக்கவில்லை. “கெளம்பு. மொத பஸ்ஸுக்குப் போனாத்தான் உச்சிக்குள்ள இலுப்பூர் போகலாம்” என்றார்.

நான் கிளம்பிய வேகத்தில் சேலையை உள்வெளியாகக் கட்டியிருந்தேன். அதை அறந்தாங்கியில் பஸ் மாறும்போதுதான் கவனித்தேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். “ஒரு வாய் காப்பியாவது” என்றேன். “திருநாள் வரைக்கும் முறிக்கிறதில்லைன்னு பரீதுகிட்டச் சொல்லியிருக்கேன்” என்றார்.

நாங்கள் போய் இறங்கியபோது அண்ணன் வாசலில் உட்கார்ந்து கலப்பைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கயிறு கையிலிருந்து நழுவியது. தலைமுடி நரைத்திருந்தது. என் அண்ணன் முடி நரைத்ததைக்கூட நான் பார்க்கவில்லையே.

“வாங்க மாப்பிள்ளை” என்றார். “வா” என்றார் என்னை. அண்ணி பிரகதாம்பாள் உள்ளேயிருந்து ஓடிவந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் பெற்றாலும் பழைய பேரை விடாதவர். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இவரிடம் நீட்டினார்.

இவர் பழக்கத்தில், யோசிக்காமல், கையை நீட்டித் தடுத்துவிட்டார். “வேணாம் தங்கச்சி.”

அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

“அன்னிக்குச் சொன்னது மறந்திருக்கும்னு நெனச்சேன். மறக்கலைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தீங்களா மாப்பிள்ளை?”

“அண்ணே, அப்படி இல்லண்ணே. அவரு நோன்பு. பொழுது சாயற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாரு” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“எந்த ஊர்லம்மா வேதக்காரன் நோன்பு வச்சான்?” என்றார் அண்ணன். “மூணு பஸ் மாறி வந்து கேலி பண்ணணுமா? தண்ணி வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. பொய் எதுக்கு?”

உண்மையைச் சொன்னால் பொய்யாகப் படுகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டுமாவடியில் ஊரே கொண்டாடுகிற விஷயம், இலுப்பூர்ப் பக்கம் நம்ப முடியாத கதையாக இருந்தது. அண்ணி நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் நின்றார்.

இவர் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில்கூட விழுங்காமல் தொடங்கிய நோன்பு. ஒரு நாளும் முறியாதது. வஞ்சிரமீனுக்கே அசையாதது. கடைத்தெரு முழுக்கச் சாட்சி. இன்னும் இரண்டே நாள் இருந்தால் பரீது அண்ணன் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

எட்டிச் செம்பை வாங்கினார். அண்ணாந்து, கடகடவென்று, கழுத்திலும் சட்டையிலும் வழிய வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வெறும் செம்பை அண்ணியிடம் கொடுத்தார்.

“சோறு இருக்காம்மா?” என்றார். “இருந்தாப் போடு. ரொம்பப் பசிக்குது.”

மாப்பிள்ளையாக வந்த வீட்டில் வாய்விட்டுச் சோறு கேட்பது என்றால் சும்மாவா? இவர் கேட்டு நான் பார்த்ததேயில்லை. அண்ணன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இவர் கழுத்தில் வழிந்த தண்ணீரைக் குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் கண்ணில் வழிந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒருவர் இலையை ஒருவர் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எனக்கும் அண்ணிக்கும் மிச்சம் வைக்காமல் தீர்த்தார்கள். நாங்கள் அடுப்படியில் கட்டிக்கொண்டு சிரித்தோம், அழுதோம், பிறகு வேறு உலை வைத்தோம்.

மறுநாளே அண்ணனும் அண்ணியும் எங்களோடு புறப்பட்டு வந்துவிட்டார்கள். நடுச்சாமப் பூசைக்கு முன்னால் இவர் மறுபடி சாமியாரிடம் போனார். இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்தவில்லை. வெளியே வந்து நீண்ட நேரம் மண்டியிட்டிருந்தார். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது அண்ணனை முன்னால் விட்டு, தான் பின்னால் போனார்.

திருநாளன்று பொழுது சாய்ந்து, நோன்பு திறந்த பிறகு, பரீது அண்ணனும் ரமீஜா அக்காவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “மச்சான், ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். நோன்பை முறிச்சுட்டேன்” என்றார்.

“தெரியும். தங்கச்சி ரமீஜாகிட்டச் சொல்லிருச்சு” என்றார் பரீது அண்ணன். “இந்தா இருக்காரே ஒங்க மச்சான், இவர் வீட்டுத் தண்ணியிலதானே?”

என் அண்ணன் நிமிர்ந்தார். “அப்ப, நெசமாவே நோன்பா?”

“நெசமாவேங்க. ரெண்டாம் நோன்புலேருந்து. ஒரு நாள் தவறலை. நான் இருபது வருஷமா வைக்கிறேன், இவரை மாதிரி எச்சில் துப்புனதில்லை.”

சிரிப்பு அடங்குவதற்குள் என் அண்ணன் கை இலையிலேயே நின்றுவிட்டது. தான் பொய் என்று சொன்னதையும், இவர் மறு பேச்சுப் பேசாமல் செம்பை வாங்கியதையும் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தார். இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

“பரவாயில்ல மாப்ளே. தூரப் பயணம் போறவங்க நோன்பை விடறதுக்கு எங்க மார்க்கத்துல அனுமதி உண்டு. விட்ட நாளைப் பெருநாளைக்கு அப்புறம் வச்சுக் கழிச்சுக்கலாம்” என்றார் பரீது அண்ணன்.

இவர் வாயைப் பிளந்தார். “இதை முன்னாடியே சொல்லக்கூடாதா மச்சான்?”

பரீது அண்ணன் பதில் சொல்லுமுன் என் அண்ணன் பேசினார். “அந்த ஒரு நாளை எப்பக் கழிக்கிறீங்கன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. அன்னிக்கு நானும் வர்றேன். சேர்ந்து இருப்போம்.”

இரண்டு ஆம்பிளைகளுக்கும் விடியும் முன் எழுந்து யார் சுடுசோறு வடிப்பது என்று இருவரும் யோசிக்கவில்லை. சரி, வடித்துத் தொலைக்கிறேன் என்று நான் அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி கறி போட்டேன்.